சிகாமணியின் தலையில் எங்கள் முடி

நொச்சிக்காட்டூரில் தலையிலிருந்து கொட்டுகிற முடி கொட்டிய இடத்திலேயே கிடந்து மக்கிப்போகும் என்றுதான் நாங்கள் நெடுங்காலம் நம்பியிருந்தோம். குளியலறைச் சல்லடையில் சுருண்டும், சீப்பின் பல்லில் சிக்கியும், சாம்பார் சாதத்திலிருந்து கணவன் உருவியெடுத்து ஒரு வார்த்தையும் பேசாமல் தட்டோரம் ஒட்டிவைத்தும், தறிக்குடோனில் பஞ்சோடு பஞ்சாகப் பறந்தும் அது எங்களை விட்டுப் போய்க்கொண்டே இருந்தது; நாங்களும் போர்த் தண்ணீரின் உப்பையும், செல்போன் கோபுரத்தையும், கடைசியில் கட்டிக்கொண்டவரையும் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்தோம். ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில்தான் அது போன இடம் தெரிந்தது. அது மெடிக்கல் கடை தெய்வசிகாமணியின் தலைக்குப் போயிருந்தது.

தெய்வசிகாமணிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சொந்தக் கடை, கெட்ட பழக்கம் ஏதுமில்லை, நல்ல நிறம். தலை மட்டும் படிப்பு முடிக்கும்போதே காலி. பேருக்கு மட்டும் சிகாமணி என்று நாங்கள் கேலி செய்யாத நாள் கிடையாது. இத்தனைக்கும் முடிக்கென்றே ஒரு கண்ணாடி அலமாரி அவர் கடையில் இருந்தது. தலையில் தடவும் லோஷன், வெங்காய ஷாம்பு, முடிக்கு வைட்டமின் என்று சொல்லி விற்கும் கரடிப் பொம்மை மிட்டாய், மண்டையில் உருட்டும் ஊசி உருளை, போட்டால் உள்ளே சிவப்பு விளக்கெரியும் தொப்பி என்று அதில் இல்லாத சாமானே இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்த அலமாரியைப் பார்ப்பார்கள், பிறகு அவர் தலையைப் பார்ப்பார்கள், பிறகு தலைவலி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். அவரும் சும்மா இருந்தவரில்லை. அத்தனையும் தானே போட்டுப் பார்த்தார், கோயம்புத்தூர் போய் ரத்தத்தை உருவி மெஷினில் சுற்றவிட்டு அதையே மண்டையில் குத்திக்கொண்டு வந்தார்; ஆனால் எதையும் ஒழுங்காக முடிக்கிற பொறுமை கிடையாது, இரண்டாம் மாதம் விட்டுவிடுவார். பெண் பார்க்கப் போன வீடுகளில் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று அப்புறமாகச் சொல்லியனுப்பினார்கள். கல்யாணம் ஆகாததெல்லாம் முடி இல்லாததால்தான் என்று அவர் முடிவே கட்டியிருந்தார், அதில் பாதி உண்மைதான்.

அந்தத் திங்கட்கிழமை அவர் ஷட்டரைத் தூக்கும்போது முடி முழங்கால்வரை தொங்கியது. பிரஷர் மாத்திரை வாங்க முதல் ஆளாக வந்த ஹெட்மாஸ்டர் அருணகிரி சார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சிகாமணி, காதுக்கு மேல இருக்கற நரை என்றதாட்ட இருக்குதே?"

"அப்படீங்களா சார்? உங்குளுதாத்தான் இருக்கோணும். சாப்பாட்டுக்கு முந்தி ஒண்ணு, மறக்காம போடுங்க சார்."

மத்தியானத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. ஊரில் கொட்டிப்போய்த் திரும்ப முளைக்காத முடி அத்தனையும் அங்கே வேரோடு நின்றது. சுருட்டை ஒரு பக்கம், செம்பட்டை ஒரு பக்கம், மருதாணிச் சிவப்பு பிடரியில், இரண்டு பிரசவத்துக்குப் பிறகு தையல்கடை வசந்தாமணி இழந்தது உச்சியில் ஒரு கொத்து. அவரவர் முடி அவரவருக்குத் தெரிந்தது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கத் தெரியாதா? ஆனால் அந்தத் தலையில் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஆளின் முடி. கன்னங்கரேலென்று, ஒரு கையால் பிடிக்க முடியாத கனத்தில், முழங்கால்வரை தொங்கியது அதுதான். அது யாருடையது என்று எவரும் கேட்கவேயில்லை. மேகலாவின் அம்மா துளசியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அதைக் கையில் ஏந்தி, கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

மேகலா எங்கள் ஊர்ப் பள்ளி வேனை ஓட்டிக்கொண்டிருந்த பெண். வேன் அக்கா என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தச் சடையை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அவள் ஸ்டியரிங் பிடித்து வளைப்பதைப் பார்க்கவே டீக்கடையில் நாலு பேர் நிற்பார்கள். இருபத்தாறாவது வயதில் பின்மண்டையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முதலில் கொட்டியது, மறுமாதம் உள்ளங்கை அகலத்துக்கு, அப்புறம் எல்லாமே, கடைசியில் புருவமும் இமை முடியும்கூட. களிம்பு போட்டாள், ஊசி குத்திக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் வேன் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவள்தான், சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வந்தார், அவள் தெருவுக்கே வரவில்லை. எங்களுக்கு அவளைப் பார்க்காமல் இருந்தது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் போய்க் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

ஒரு மனிதன் தலையில் ஊர் முடி வளர்ந்துவிட்டால் என்னென்ன சிக்கல் வரும் என்பதை நாங்கள் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டோம். முதல் சிக்கல் எண்ணெய்க் குளியல். ஆம்பளை என்றால் சனிக்கிழமை, பொம்பளை என்றால் வெள்ளிக்கிழமை; சிகாமணி ஆம்பளை, தலையில் இருப்பதோ முக்கால்வாசி பொம்பளை முடி. நல்ல முடியைச் சனிக்கிழமை நனைத்து ஆகாமல் பண்ணிவிடுவாரோ என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள், வெள்ளிக்கிழமை குளித்தால் எங்களுக்கு ஆகாது என்று ஆண்கள் முறைத்தார்கள், இரண்டு பக்கமும் பேசிக் கடைசியில் வெள்ளிக்கிழமை பெண்கள் முடிக்கும் சனிக்கிழமை ஆண்கள் முடிக்கும் தனித்தனியாக எண்ணெய் வைப்பது என்று முடிவானது. அந்த மனுசன் வாரத்தில் இரண்டு நாள் சீயக்காய் எரியும் கண்ணோடு கடை நடத்தினார். அடுத்த சிக்கல் கத்தரி. கிராப் வெட்டிக்கொள்ள அவருக்கு ஆசைதான், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தாலே யாராவது ஒருவர் ஓடிவந்து, "என்ற முடில கை வெச்சுப்போடாதீங்க" என்பார்கள். தறிக்காரர் மாரண்ணன் இறந்தபோது அவர் மகன் வந்து நின்றான், அப்பாவுடையது அந்தத் தலையில் கொஞ்சம் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுத்தான் பாடை எடுக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள் என்று. சிகாமணி கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய், அந்த வீட்டு வாசலில் தலையைக் குனிந்தபடி வெகுநேரம் நின்றார். அந்த அம்மா அவர் தலையைத் தடவிவிட்டுத்தான் உள்ளே போனாள். பாடை போன மறுநாள் மாரண்ணனுடையது அந்தத் தலையில் இல்லை.

வியாபாரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டவெளியாய்க் கிடந்த தலையில் காடு முளைத்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அலமாரி இரண்டே நாளில் காலியானது. லோஷன் வாங்கிப் போனவர்கள் எல்லாரும் ஒரு மாதம் கழித்துக் கொலைவெறியோடு திரும்பி வந்தார்கள். முன்னைவிட அதிகமாகக் கொட்டுகிறது, கொட்டுவதெல்லாம் மறுநாள் காலையில் சிகாமணியின் தலையில் இருக்கிறது, எங்கள் முடியைப் பிடுங்கவே இந்த மருந்தை விற்கிறாயா என்று கடை முன்னால் நின்று கத்தினார்கள்.

"மொதல்ல கொட்டத்தானுங்க செய்யும். பழசு போனாத்தானே புதுசு வரும்? காலைல ஒருதடவ, ராத்திரி ஒருதடவ, நாலு மாசம் விடாம போடுங்க. பாதில விட்டா என்ற கதிதான்" என்று அவர் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

சொன்னபடி கேட்டவர் ஹெட்மாஸ்டர் ஒருவர்தான், அவர் எதையும் மணி அடித்துச் செய்கிறவர். நாலாம் மாதம் அவர் முன்மண்டையில் நரைத்த பூனைமயிர் மாதிரி ஏதோ தெரிந்தது, அதே காலையில் சிகாமணியின் காதுக்கு மேலிருந்த நரை காணாமல் போயிருந்தது. ஊர் அதைப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டது. போன முடி இவரிடம் வந்திருக்கிறது, மருந்து கேட்டால் இவரிடமிருந்து திரும்பிப் போகிறது, அவ்வளவுதான் கணக்கு. அதன்பிறகு எங்களை ஒருவரும் விரட்ட வேண்டியிருக்கவில்லை, காலையும் இரவும் பல் தேய்ப்பதுபோல லோஷன் தேய்த்தோம். வசந்தாமணிக்கு மருந்தே இல்லாமல் முளைத்தது. பிரசவத்தில் கொட்டினது தானாக வரும், கீரையும் முட்டையும் சாப்பிடு போதும் என்று சிகாமணியே சொல்லியிருந்தார். ஒவ்வொருவராக வந்து கண்ணாடியில் காட்டிவிட்டு, "வந்திருச்சுங்க சிகாமணி" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நாங்கள் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் காங்கேயத்தில் ஒரு இடம் கூடிவந்திருந்தது. பெண் பெயர் கோகிலவாணி, பேங்க்கில் வேலை. பெண்ணின் அப்பாவுக்குச் சுத்தமாக முடி கிடையாது, தான் பட்டது போதும், வருகிற மாப்பிள்ளைக்காவது முடி இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர். நேரில் வந்து, சிகாமணியின் பிடரியில் இருந்த கொண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வைகாசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனார். ஊர்க்காரர்கள் முடியெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போனாலும் பிரச்சினையில்லை, மேகலாவின் முடி ஒன்றே அந்தத் தலைக்குப் போதும். அதற்கு லோஷன் கேட்காது என்பதும் அவருக்குத் தெரியும். அவளுக்கு வந்தது வேறு வியாதி, உடம்பே தன் முடியை அந்நியன் என்று நினைத்துத் துரத்துகிற வியாதி.

தீபாவளிக்கு முன்னால் கடைக்கு வந்த மருந்துக் கம்பெனிப் பையன் ஒருவன், அந்த வியாதிக்குப் புதிதாக மாத்திரை வந்திருப்பதாகச் சொன்னான். கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை அல்ல. தோல் டாக்டர் ரத்தமெல்லாம் சோதித்துப் பார்த்து எழுதித் தரவேண்டும், எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, எல்லாருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது, நிறுத்தினால் மறுபடி கொட்டவும் கொட்டலாம், ஆனாலும் மொட்டையாகிப் போனவர்கள் பலருக்கு முடி வந்திருக்கிறது என்றான். சிகாமணி அப்படியா என்று கேட்டுக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். துளசியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேகலா வீட்டைவிட்டு வெளியே வந்தது அந்த முடிக்காகத்தான். வெள்ளிக்கிழமை விடியுமுன்பே, தலையையும் நெற்றியையும் சேர்த்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மெடிக்கலின் பின்பக்கம் வருவாள். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருக்க, அவள் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிடுவாள். முதல் சில வாரம் அவரிடம் பேசவேயில்லை, முடியிடம்தான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கேட்டாள். "ஏனுங்ணா, தல பாரமா இருக்குதுங்ளா?"

"இல்லீங்கம்மிணி."

"எனக்கு பாரமா இருக்கும். வெட்டிப்போடலாம்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கறேன். இப்ப நெனச்சா சிரிப்பா வருது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. மாத்திரையின் பெயர் அவர் நாக்கு நுனியில் இருந்தது. வைகாசி வரைக்கும், கல்யாணம் முடிகிற வரைக்கும், அப்புறம் சொல்லிவிடலாம், கொஞ்ச நாளில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்படிச் சொல்லிக்கொள்ளாத மனுசன் எங்கள் ஊரில் யாரும் கிடையாது, அதற்காக அது தப்பில்லை என்று ஆகிவிடுமா?

இந்த நிலையில்தான் துளசியம்மாவின் வேண்டுதல் வெளியே வந்தது. மகளுக்கு முடி கொட்ட ஆரம்பித்த நாளிலேயே அந்த அம்மா பழனியாண்டவரிடம் வேண்டியிருந்தார்: எம்பொண்ணுக்கு முடி திரும்ப வந்துட்டா, அந்த முடியை உனக்கே காணிக்கையாக் குடுத்துடறேன். முடி வேண்டும் என்று கேட்டு முடியையே எடுத்துக்கொடுப்பதாக வேண்டுவதில் என்ன கோளாறு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வேண்டுவோம், வேறெப்படி வேண்டுவது என்று எங்களுக்குத் தெரியாது. தைப்பூசக் கூட்டம் ஓய்ந்ததும் துளசியம்மா கடைக்கு வந்தார்.

"தம்பி, சாமி முடியக் குடுத்துட்டாரு. எடந்தான் மாறிப்போச்சு. அதுக்காகச் சாமி கடன வெக்கலாமுங்களா? வர்ற வெள்ளிக்கெழம பழனிக்குப் போயி எறக்கிப்போடலாம். நீங்க தலயக் குடுத்தாப் போதும்."

எங்கள் முடி பெரும்பாலும் அதற்குள் திரும்பியிருந்ததால், நியாயம்தானே என்றோம் நாங்கள். சிகாமணி யோசித்துப் பார்த்தார். மழித்தால் வேர் அவர் மண்டையில்தான் இருக்கும், வைகாசிக்குள் அழகான கிராப்பாக வளர்ந்துவிடும், துளசியம்மாவின் கடனும் தீரும், ஊருக்கும் நல்லவர் ஆகலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருக்கு லாபம். சரிங்க அக்கா, போயிட்டு வரலாம் என்றார். மேகலாவை ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளி வேனில்தான் போனார்கள், டிரைவர் ஓட்டினார். மேகலா கடைசி சீட்டில் துப்பட்டாவுக்குள் உட்கார்ந்து வந்தாள். முடியிறக்கும் மண்டபத்தில் சீட்டு வாங்கி, ஈரத்தரையில் முறைக்குக் காத்திருந்து, சிகாமணி மணைமேல் உட்கார்ந்தார். நாவிதர் சொம்பில் தண்ணீரோடு வந்தார்.

"மொட்ட ஆருக்குங்க?"

"முடி எம்பொண்ணுது, தல இவரோடது" என்றார் துளசியம்மா.

நாவிதர் இருவரையும் ஒருதடவை பார்த்தார். "சரி, இவரே உக்காரட்டும்" என்று சொல்லிச் சவரக்கத்தியில் புது பிளேடு மாட்டினார். அங்கே தினமும் எத்தனையோ விதமான தலைகளைப் பார்க்கிறவர்.

"ஒரு நிமிசமுங்க" என்றாள் மேகலா. பையிலிருந்து சீப்பை எடுத்தாள். "சிக்கோட போகவேண்டாம். வாரி உட்டுர்றேன்."

அந்த மண்டபத்தில் குழந்தைகள் வீரிட்டு அழுதுகொண்டிருந்தன, அரோகரா சத்தம் கேட்டபடி இருந்தது, எங்கு பார்த்தாலும் ஈர முடி. அவள் சிகாமணிக்குப் பின்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒரு இழைகூட அறுந்துவிடாமல் பொறுமையாக வாரினாள். அழவில்லை. வெளியூருக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு வாரிவிடுகிற மாதிரிதான் வாரினாள். வாரி முடித்து, மூன்றாகப் பிரித்துப் பின்னி, நுனியில் ரப்பர்பேண்டு போட்டு, சடையைத் தூக்கி அவர் தோளுக்கு முன்னால் விட்டாள். அது அவர் மடியில் வந்து விழுந்தது.

நாவிதர் தண்ணீரைக் கையில் அள்ளினார்.

"வேண்டாமுங்க" என்றார் சிகாமணி. "அம்மிணி, எடுக்கவேண்டாம். இது உன்ற தலைக்கே வரும். ஒரு மாத்திர இருக்குது, புதுசு. கோயமுத்தூர்ல டாக்டரம்மா பாத்து எழுதித் தர்றாங்க. எல்லாத்துக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா நெறையப் பேருக்குக் கேட்டிருக்குது."

மேகலா சீப்பைப் பைக்குள் வைத்தாள். "எப்ப இருந்து தெரியுமுங்ணா?"

"தீவாளிக்கு முந்தியே தெரியும்."

"கலியாணத்துக்காகச் சொல்லாம இருந்தீங்ளா?"

"ஆமாங்கம்மிணி."

"நா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்தனே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். துளசியம்மாவுக்கு விஷயம் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அவரைத் திட்டுவதா சாமிக்குப் பதில் சொல்வதா என்று தெரியாமல் நாவிதரைப் பார்த்தார். "சாமி குத்தமாயிருமுங்களா?"

"முடி இன்னும் வழிலதானுங்களே இருக்குது" என்றார் நாவிதர். "ஊடு வந்து சேரட்டும். பொறவு அம்மிணி வந்து நுனில ரெண்டு இணுக்கு வெட்டிப் பூமுடி குடுத்தாலும் போதும்." பிளேடைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

வேன் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். மேகலா டிரைவர் பக்கம் போய்க் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க." அவள் குரலில் என்ன இருந்ததோ, டிரைவர் உடனே இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தார். தாராபுரம் ரோட்டில் வண்டி ஏறியபோது காற்றில் துப்பட்டா நழுவித் தோளில் விழுந்தது, அவள் அதை எடுத்துப் போடவில்லை. இரண்டு வருஷமாக அடைபட்டுக் கிடந்த கோபம் அத்தனையும் காலில் இறங்கி ஆக்சிலேட்டரை மிதித்தது. வழியில் நின்றவர்கள், முடியும் புருவமும் இல்லாத ஒரு பெண் வேன் ஓட்டிப் போவதையும், பின்னால் முழங்கால்வரை சடை போட்ட ஒரு ஆள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார்கள். ஊர் எல்லையில் அவள் அடித்த ஆரன் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது, அந்த ஆரன் யாருடையது என்று பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தன.

திங்கட்கிழமை காலையில் மேகலாவே வேனை எடுத்தாள், வெறுந்தலையோடு, ஒரு மாத்திரைகூட வாயில் போடுவதற்கு முன்பே. முன்சீட்டுப் பிள்ளை ஒன்று, "வேன் அக்கா, முடி எங்க?" என்று கேட்டதற்கு, "மெடிக்கல் மாமா தலைல இருக்குது, வந்துரும்" என்று சொல்லிக் கியரைப் போட்டாளாம். அதற்கு மேல் பிள்ளைகள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அவ்வளவு போதும், எங்களுக்குத்தான் அது தெரியாமல் போய்விட்டது.

சிகாமணியை நாங்கள் ஒரு மாதம் நன்றாகத் திட்டினோம். காங்கேயத்துக்கு அவரே பஸ் ஏறிப் போய், இந்த முடி என்னுடையது இல்லை, சீக்கிரம் போய்விடும் என்று சொன்னார்; பெண்ணின் அப்பா, நாங்கள் தலையைப் பார்த்துத்தானே சம்மதித்தோம் என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். கடைக்குத் திரும்பியவர் கரடி மிட்டாயையும் வெங்காய ஷாம்புவையும் அலமாரியிலிருந்து இறக்கினார். யார் வந்து கேட்டாலும், இது உங்களுக்குக் கேட்கும், இது கேட்காது, இதற்கு டாக்டரைப் பாருங்கள், இதற்கு ஒன்றுமே வேண்டாம் போய்த் தூங்குங்கள் என்று உள்ளதைச் சொன்னார். அப்படிச் சொல்கிற கடை பக்கத்து ஊர்களில் எங்கும் இல்லை என்பதால் நாங்கள் திட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி அங்கேயே போனோம். காங்கேயத்திலிருந்து கோகிலவாணியும் ஒருநாள் போன் பண்ணினாள். "அப்பா வேண்டாம்னுட்டாருங்க, அது இருக்கட்டும். எனக்கே சீப்புல கொத்துக் கொத்தா வருதுங்க, என்ன போடலாம்?" என்று கேட்டாள். முதலில் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பாருங்க என்றார் இவர். ரிசல்ட்டைச் சொல்ல அவள் மறுபடி கூப்பிட்டாள், அப்புறம் எதற்கெல்லாமோ கூப்பிட்டாள், அது எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

டாக்டரம்மா மேகலாவுக்கு ரத்தம் பார்த்து, நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதினார். மாதா மாதம் அவள் கடைக்கு வந்து சீட்டைக் கண்ணாடிமேல் வைப்பாள், அவர் மாத்திரையை எடுத்து வைப்பார், அவள் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டு போவாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சித்திரையில் ஒரு காலை, அவளுடையதும் சேர்ந்து தடித்துக் கிடந்த சிகாமணியின் புருவம் திடீரென்று மெலிந்திருந்தது, அன்றைக்கு வேன் ஜன்னலில் தெரிந்த முகத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தன. டீக்கடையில் நின்ற நாலு பேரும் கைதட்டினார்கள். ஆனி, ஆடி என்று போகப் போக அவர் சடை இளைத்துக்கொண்டே வந்தது, அவளுடைய தலை கறுத்துக்கொண்டே வந்தது. ஆவணியில் ஒருநாள் அவர் ஷட்டரைத் தூக்கியபோது தலை பழையபடி பளபளவென்றிருந்தது. எங்களுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கேலி பண்ண வாய் வரவில்லை.

ஐப்பசி மழையில், ஹெட்மாஸ்டர்தான் முதலில் கவனித்தார், சிகாமணியின் உச்சந்தலையில் ஈரத்தோடு ஏதோ நிற்கிறது என்று. விரல் நகம் நீளம்கூட இல்லாத கொஞ்சம் முடி. யாருக்கோ மறுபடி கொட்டியிருக்கிறது, யாருடையது என்று தெரியவேண்டுமே. அவர் தலையைக் குனிந்து காட்டினார், பழக்கப்பட்டுப்போனவர். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு என்னுது இல்லையப்பா என்றார். வசந்தாமணி பார்த்து, என்றது இத்தனை மெலிசா இருக்காது என்றாள். மாரண்ணனின் மகன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, எங்கப்பாவுது இல்லீங்க என்றான். கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை. யாருடையது என்று தெரியாத முடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் முகம் வாடிப்போனது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த மேகலா, வேனை ஓரமாக நிறுத்தினாள். காதை மூடுகிற அளவுக்கு அவளுக்கு முடி வந்திருந்தது, மழையில் அது முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழனிக்குப் போய்வந்த பிறகு அவள் அவரிடம் பேசியதே கிடையாது. கூட்டம் வழிவிட்டது.

"எதாச்சும் தடவறீங்ளா?" என்று கேட்டாள்.

"லோசந்தான். ஊருக்கெல்லாம் சொல்றனே, நாமளும் ஒருக்கா விடாம போட்டுப் பாக்கலாம்னு, வைகாசில இருந்து."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும்."

அவள் குனிந்து, விரலால் அந்தப் பூனைமயிரை ஒதுக்கி, வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"என்றதும் இல்லீங்ணா" என்றாள். "இது உங்குளுது."

சிகாமணி எங்கள் எல்லாரையும் ஒருதடவை பார்த்தார், இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று தேடுகிறவர் மாதிரி. யாரும் இல்லை. அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.